மட்டம் பார்க்க இரண்டு பேர்

இப்போதெல்லாம் கையகலத்தில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அதுவே தன்னை நேராக்கிக்கொண்டு நாலு சுவரிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. போன மாதம் என் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்ட வந்த ஆள் அதைத்தான் வைத்திருந்தார். பித்தானை அமுக்கினார், கோடு விழுந்தது, மட்டம் பார்த்து முடிந்தது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். "அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணாமா?" என்று கேட்டேன். "எதுக்கு ஆண்ட்டி, ஒரு ஆள் போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆள் போதுமாம்! எங்கள் காலத்தில் ஒரு ஆளே போதும் என்று இருந்திருந்தால் என் குடித்தனம் என்ன கதி ஆகியிருக்குமோ, கடவுளே.

என் வீட்டுக்காரர் கொத்தனார். மலாக்காவில் காஜா பெராங்கில்தான் எங்கள் வீடு, கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில். புதிதாக வீடு கட்டுகிற பெரிய வேலைக்கெல்லாம் அவர் போகமாட்டார். பழைய வீட்டில் சுவர் எடுப்பது, தரை உடைத்துப் போடுவது, சமையல்கட்டை நீட்டுவது, இப்படிப்பட்ட வேலைதான் அவருக்குப் பிடிக்கும். "புது வீடு சொன்னபடி கேக்கும். பழைய வீட்டைத்தான் தாஜா பண்ணணும்" என்பார். பழைய வீட்டைத் தாஜா பண்ணத் தெரிந்த மனிதருக்குக் கட்டின பெண்டாட்டியைத் தாஜா பண்ணத் தெரியாது. அது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

மட்டம் பார்க்க அவரிடம் இருந்தது ஒரு நீள ரப்பர் டியூப். இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழல் செருகியிருப்பார். உள்ளே தண்ணீர். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் துணிக்குப் போடுகிற நீலத்தில் ஒரு துளி கேட்டு வாங்கிக் கலந்துகொள்வார். ஒரு முனையை இந்தச் சுவரில் பிடித்தால், மறுமுனையை இன்னொருவர் அந்தச் சுவரில் பிடிக்க வேண்டும். நடுவில் டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் சரி, இரண்டு கண்ணாடியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே பென்சிலால் குறி போட்டுக்கொண்டு, குறியிலிருந்து கீழே அளந்து தரை போடலாம்.

ஒரே ஒரு சங்கதி மட்டும் முக்கியம். டியூபைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வோம் இல்லையா, மட்டம் பார்க்கும்போது அந்த விரலை எடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் எடுக்க வேண்டும். ஒருவர் மூடிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் பொய் சொல்லும். பார்வைக்குச் சரியாக நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அது மட்டம் இல்லை. இது அவருக்குக் கனவிலும் மறக்காது. ஆள் யாராக இருந்தாலும் முதலில் "விரலை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், வீட்டில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்து தொங்கினாலும் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து நேராக்குகிறவர். கல்யாணமான புதிதில் நான் நெற்றியில் வைத்த பொட்டை ஒரு நாள் உற்றுப் பார்த்தார். ஆஹா, மனுஷன் மயங்கிவிட்டார் என்று நான் தலையைக் குனிந்தால், "கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியிருக்கு" என்றார். பாவி மனுஷன்! ஆனாலும் எனக்கு அவர் மேல் கொள்ளை ஆசை. சாயங்காலம் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, முழங்கை வரைக்கும் சிமெண்டு காய்ந்து கிடக்க, "என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வருவாரே, அந்தக் குரலுக்காகவே மத்தியானத்திலிருந்து காத்திருப்பேன். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

மெர்டேகா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த புதிது அது. கடைவீதியில் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சுதான். இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்கு, ஊருக்குப் போய்விடுவதா? சிலர் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். சிலர் டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள். என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், இரண்டாவது கட்சி. புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், இனி இங்கே என்ன இருக்கிறது, குடும்பத்தோடு கப்பல் ஏறிவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டார். தம்பியும் வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய அம்மா ஊரில் இருந்தார். என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது, பிள்ளைப் பேற்றுக்காக அந்த அம்மா மட்டும் ஊருக்குப் போனவர். திரும்புவதற்குள் ஜப்பான்காரன் சண்டை வந்து கப்பல் நின்றுபோனது. சண்டை முடிந்த கையோடு இங்கே அப்பாவும் கண்ணை மூடிவிட்டார். அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு இங்கே வர மனமும் இல்லை, வழியும் இல்லை. ஆக, இவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மாவைப் பற்றி இவர் வாய் திறந்து பேசியே நான் கேட்டதில்லை.

நானோ மலாக்காவிலேயே பிறந்தவள். ஊர் ஊர் என்கிறார்களே, அது எனக்குக் கேள்விப்பட்ட இடம், அவ்வளவுதான். மூத்தார் முதல் தடவை பேச்சை எடுத்த அன்றே சொல்லிவிட்டேன். நேரில் நின்று சொல்லவில்லை, மூத்தார் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நான் வரமாட்டேன். எனக்கு ஊர் இதுதான்." இவர் என்ன சொன்னார்? "பார்க்கலாம்" என்றார். இவர் பார்க்கலாம் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நானும் முடிந்ததென்றே நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பீபிக் வீட்டு வேலை வந்தது. பீபிக் என்று நாங்கள் கூப்பிட்டது கம்போங் செட்டியில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வேரூன்றிப்போன செட்டிக் குடும்பத்து வயதான அம்மா ஒருவரை. கும்பிடுவதெல்லாம் நம் சாமிதான், கட்டுவது சாரோங்கும் கெபாயாச் சட்டையும், பேசுவது மலாய். நம் சொல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதில் தலைகாட்டும். எனக்கும் அவருக்கும் நல்ல ஒட்டு. நான் மலாயில் திட்டினால் உச்சரிப்பைத் திருத்தித் தருவார், அவ்வளவு ஒட்டு.

போகியன்று அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள் அதை. கூடத்திலும் உள்ளறையிலும் தரையில் வாழையிலையை வரிசையாகப் போட்டு, செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் பரிமாறிவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டு மனிதர்கள் வெளியே வந்துவிடுவார்கள். பீபிக் வீட்டுத் தரையோ பழைய தரை. அங்கங்கே இறங்கிப்போயிருந்தது. உள்ளறையில் போட்ட இலையில் குழம்பு ஊற்றினால் அது நேராக மூலைக்கு ஓடிவிடுமாம். "ஒவ்வொரு வருஷமும் என் புருஷன் இலையில் குழம்பு நிற்கிறதே இல்லை. மனுஷன் வெறும் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறார்" என்று பீபிக் மலாயில் புலம்புவார். இந்த வருஷம் எப்படியாவது இரண்டு அறையின் தரையையும் உடைத்துப் போட்டு, தட்டையாக ஆக்கித் தர வேண்டும். அதுவும் போகிக்குள்.

என் வீட்டுக்காரரோடு எப்போதும் டியூப் பிடிக்கிற இன்னொரு கொத்தனார் செமாபோக்கில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டார். போகியோ நெருங்குகிறது. "நான் பிடிக்கிறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பார்வை? குடத்தைப் பிடிக்கிற கைக்கு டியூபைப் பிடிக்கத் தெரியாதா?" என்றேன். வேறு வழியில்லை, சரி என்றார்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. அவர் கூடத்தில் நிற்பார், நான் உள்ளறையில் நிற்பேன். நடுவே சுவர். டியூப் கதவு வழியாகக் கிடக்கும். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். "விரலை எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு." "இன்னும் ஏத்து. போதும். இறக்கு. ஆடாம நில்லு புள்ள." நான் அசைந்தால் அவர் பக்கத்துத் தண்ணீர் அசையும். அவர் அசைந்தால் என் பக்கம் அசையும். அவர் இருமினால்கூட எனக்குத் தெரிந்துவிடும். நான் வேண்டுமென்றே டியூபை ஒரு ஆட்டு ஆட்டுவேன். "ஏய், விளையாடாதே" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். குரலில் சிரிப்பு இருக்கும்.

கடைசி மூலைக்கு வந்தோம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. "ஏங்க, இந்த வேலை முடிஞ்சதும் நம்ம வீட்டுச் சமையல்கட்டுல எனக்கு ஒரு மேடை கட்டிக் குடுங்க. நின்னுக்கிட்டுச் சமைக்கிற மாதிரி. எத்தனை நாளைக்குத்தான் நான் குனிஞ்சுக்கிட்டே அடுப்பை ஊதுறது? நாலு பேருக்குச் சேர்த்துச் சமைக்கிற மாதிரி பெரிசா வேணும். பிள்ளை குட்டின்னு ஆகும்ல?" என்றேன்.

சுவரில் முட்டியால் தட்டினேன்.

"என்ன, கேட்டுச்சா?"

"ம். குறி போடு" என்றார்.

தண்ணீர் வழக்கமாகக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் போய்வந்துதான் நிற்கும். அன்றைக்கு ஆடாமல் அசையாமல் சட்டென்று நின்றது. "பாருங்க, இந்த மூலையில தண்ணிகூட சமர்த்தா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே குறி போட்டேன். அவர் "விரலை எடுத்தாச்சா?" என்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தரை போட்டு, மட்டப்பலகையால் இழுத்து, தேய்த்து முடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. கால் வைக்கலாம் என்று ஆனதும் பீபிக் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கூடத்தில் வைத்தார், பழம் நின்றது. "பகூஸ்!" என்றார். பலே என்று அர்த்தம். உள்ளறையில் வைத்தார். அது ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்துவிட்டு, மெல்ல உருண்டு, நேரே கடைசி மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. "அலாமாக்!" என்று பீபிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட தரையில் பழம் உருண்டு நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு என்று பார்த்து மூத்தாரும் வந்திருந்தார். கூடத்தில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளை கையில டியூபைக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அவ சரியாத்தான் பிடிச்சா. என் விரல்தான் மூடியிருந்துச்சு."

"உன் விரலா? உனக்கு எப்படிடா மறக்கும்?"

 மூத்தார் பெருமூச்சு விட்டார். "சரி விடு. இனிமே யார் வீட்டுத் தரை எந்தப் பக்கம் சாஞ்சா நமக்கென்ன? வெள்ளிக்கிழமை காலையில நீ சரின்னு சொன்னதுமே கப்பல் ஏஜெண்டுகிட்ட பேர் சொல்லி வெச்சுட்டேன். நாளன்னிக்கு நேர்ல போய் உறுதி பண்ணணும். உன் பேர், உன் பெண்டாட்டி பேர், ரெண்டும்."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில என்றால்? மட்டம் பார்த்தோமே, அன்றைக்குக் காலை. அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்து, மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் மேடை கேட்டதைக் கேட்டிருக்கிறார். நாலு பேருக்குச் சமைக்கிற மேடை!   விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் சமைப்பேன். சில பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்வார்கள், நான் அப்படி இல்லை. அன்று வைத்த குழம்பில் இருந்த மிளகாயால் ஒரு கல்யாண வீட்டையே ஓடவைத்திருக்கலாம். அவர் வந்து உட்கார்ந்தார், மறு பேச்சில்லாமல் பிசைந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயா, மற்றதா என்று நான் கேட்கவில்லை.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லலை. உங்க பேர் இருக்கட்டும், என் பேரை எடுத்துடச் சொல்லுங்க. ஆனா பீபிக் வீட்டுத் தரையை மட்டும் ஒழுங்காப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அந்தக் கிழவர் இந்த வருஷமாவது குழம்பு ஊத்திச் சாப்பிடட்டும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன்தான். இவர் போய்விட்டால் என்ன செய்வேன்? சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்காத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? பின்னாலேயே போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் என்னைக் கேட்காமல் என் பேரைக் கொடுத்த கப்பலில் நான் எப்படி ஏறுவேன்? சாகிற வரைக்கும் அது முள்ளாகக் குத்திக்கொண்டேதானே இருக்கும்?

மறுநாள் உள்ளறைத் தரையை உடைத்தார். நான் கல்லை வாரிக் கொட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பீபிக் தமிழ் தெரியாதவர்தான், ஆனால் சண்டைக்குப் பாஷை எதற்கு? என்னைப் பார்ப்பார், அவரைப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அதற்கு மறுநாள் திரும்ப மட்டம் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் ஏஜெண்டிடம் போக வேண்டிய நாளும். மூத்தார் காலையிலேயே வெள்ளை வேட்டி சட்டையோடு வந்துவிட்டார். "வா போகலாம்" என்றார். "இந்தக் குறியைப் போட்டுட்டு வர்றேண்ணே" என்றார் இவர். மூத்தார் முகம் கடுகடுத்தது. பீபிக் சும்மா இருப்பாரா? மூத்தாரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, கோப்பியும் ஒரு தட்டுப் பலகாரமும் முன்னால் வைத்து, தானும் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது.

நான் உள்ளறையில் உடைந்த தரை மேல் நின்று டியூபைப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்.

"விரலை எடுத்தாச்சா?"

"நான் எப்பவோ எடுத்தாச்சு. நீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப எடுத்துட்டேன்" என்றார்.

கண்ணாடியில் நீலத் தண்ணீர் மேலே போனது, கீழே வந்தது. நிற்கும் என்று காத்திருந்தேன். நின்ற பாடில்லை.

"அம்மா முகம் எனக்கு மறந்துபோச்சு" என்று அவர் குரல் வந்தது. "அண்ணனுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு இல்ல. கப்பல்ல ஏறும்போது அழாதடா, சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னது மட்டும் காதுல இருக்கு. முகம் இல்ல. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வளர்ந்த ஆம்பளை, அம்மா வேணும்னு எப்படிச் சொல்றது? அண்ணன் கேட்டாரு, வாய் சரின்னு சொல்லிடுச்சு. அப்புறம் நீ மேடை கேட்ட."

  தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது குழலுக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. என் கை ஆடவில்லை. நான் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தேன். ஆடுவது அவர் கை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. தண்ணீரில்தான் தெரிந்தது.

"நில்லுங்க" என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "கொஞ்சம் ஆடாம நில்லுங்க."

வாசலிலிருந்து மூத்தார் குரல் வந்தது. "என்னடா, வர்றியா இல்லையா? நேரமாகுது!"

அந்த நிமிஷம் என் கண்ணாடியில் இருந்த தண்ணீர் கிடுகிடுவென்று இறங்கியது. இறங்கி, குழலைத் தாண்டி, ரப்பருக்குள் போய் மறைந்துவிட்டது. அவர் தன் முனையைக் கீழே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் தரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தமும் கேட்டது.

போய்விட்டார் என்று நினைத்தேன். அண்ணன் கூப்பிட்டதும் போட்டது போட்டபடி போய்விட்டார். என் கையில் வெறும் கண்ணாடி. அதை அப்போதும் சுவரில் நேராகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்க மனம் வரவில்லை. இறக்கினால் எல்லாம் முடிந்துபோய்விடும் என்று என்னவோ ஒரு பைத்தியக்கார எண்ணம்.

"இந்தா" என்று குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கதவில் நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்து, காலெல்லாம் நீலமும் சிமெண்டுத் தூளுமாக. கண் சிவந்து கிடந்தது. "இதைச் சுவத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது" என்றார். "பேரை எடுத்துடுங்கன்னு அண்ணங்கிட்ட சொல்லப் போறேன். ரெண்டு பேரையும். நான் அங்க குடியிருக்கப் போகலை. ஆனா ஒரு தடவை அம்மாவைப் பார்க்கணும். நீயும் கூட வரணும். வருவியா?"

 என் வாய் என் வாய்தானே? "எப்போ திரும்பி வருவோம்னு முதல்ல சொல்லுங்க. எப்போ போறோம்கிறதை அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

விரல் விட்டு எண்ணினார். அந்த நிலைமையிலும் மனுஷனுக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். "வர்ற ஆடிக்கு இங்க இருப்போம்" என்றார். அப்புறம்தான், "பங்குனியில போறோம்" என்றார்.

தலையை ஆட்டினேன். அவர் வாசலுக்குப் போனார். மூத்தார் ஏதோ உரக்கச் சொல்வது கேட்டது. நடுவில் இவர் குரல் ஒரே ஒரு தடவை, ஏறாமல் இறங்காமல், "இல்லண்ணே" என்றது. பிறகு பெஞ்சு நகரும் சத்தம். மூத்தார் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

அதுவரைக்கும் நான் அழவே இல்லை. குழம்பில் மிளகாயை அள்ளிக் கொட்டிய அன்றும் அழவில்லை, கல் வாரிய அன்றும் அழவில்லை. அப்போதுதான் டியூபைக் கீழே வைத்தேன். அந்த உடைந்த தரையிலேயே உட்கார்ந்து, பீபிக் கோப்பிக் கோப்பையோடு உள்ளே ஓடிவருகிற அளவுக்கு, ஓவென்று அழுதேன்.